46 லட்சம் சாதிகளா? பிழையான தரவைப் பற்றிய ஒரு வரலாறு

2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. 2011-இல் தொடங்கிய சமூக-பொருளாதார மற்றும் சாதிவாரிக் கணக்கெடுப்பில் கிடைத்த சாதித் தரவை வெளியிடச் சொல்லி மகாராஷ்டிர அரசு போட்ட வழக்கு அது. ஒன்றிய அரசு சொன்ன பதில் இதுதான்: 1931 கணக்கெடுப்பில் 4,147 சாதிகள் இருந்தன, 2011-இல் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்கள் வந்திருக்கின்றன, மகாராஷ்டிராவில் மட்டும் அரசுப் பட்டியல்களில் 494 சாதிகள் இருக்க கணக்கெடுப்பில் 4,28,677 பெயர்கள் வந்தன. கேரளாவின் மலபார் பகுதியில் மாப்பிளா என்ற ஒரே பெயர் 40 விதமாக எழுதப்பட்டு 40 சாதிகளாகிவிட்டது. ஆகவே இந்தத் தரவு பிழையானது, பயன்படாது, வெளியிட முடியாது.

செய்தி வந்த நாளில் நிறையப் பேர் சிரித்தார்கள். 46 லட்சம் சாதியாம் என்று மீம் போட்டார்கள். நம் தோழர்கள் சிலர்கூட, அவ்வளவு குழப்பமான தரவை வைத்து என்ன செய்ய முடியும் என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த எண் சாதிகளின் எண்ணிக்கையே இல்லை என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. அது எழுத்துக்கூட்டல்களின் எண்ணிக்கை. கணக்கெடுப்பாளர் கையில் சாதிப் பட்டியலோ குறியீட்டு எண்ணோ கொடுக்கப்படவில்லை. மக்கள் சொன்னது, அவர் காதில் விழுந்தது, தட்டச்சில் வந்தது எல்லாம் தனித்தனிப் பெயராக உள்ளே போனது. குலம், கோத்திரம், உட்பிரிவு, பட்டப்பெயர் எல்லாம் சாதி என்ற ஒரே கட்டத்தில் விழுந்தன.

பிழையான தரவைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா? கணினிக்கு முந்தைய காலத்திலிருந்தே இந்தக் கேள்விக்கு மனிதர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். இன்று இயந்திரக் கற்றல் என்று நாம் சொல்லும் துறையின் முக்கியமான ஒரு கிளை அந்தத் தேடலிலிருந்து வந்ததுதான். குறையுள்ள தரவு, தவறக்கூடிய மனிதர்கள், இரண்டையும் வைத்துக்கொண்டு உண்மைக்குப் பக்கத்தில் போவது எப்படி என்பது அதன் வேலை. அந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது நமக்காகவும் நமக்கு எதிராகவும் பயன்படும் கருவி.

முதலில் எழுத்துக்கூட்டல். 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். பெயர்களை எழுத்துப்படி அடுக்காமல் ஒலிப்படி அடுக்கும் முறை. பின்னாளில் இது சவுண்டெக்ஸ் என்று பெயர் பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொள்ள வேண்டும், உயிரெழுத்துகளை விட்டுவிட வேண்டும், மீதியுள்ள மெய்யெழுத்துகளை ஒலி ஒற்றுமைப்படி ஆறு எண்களாக மாற்ற வேண்டும். 1930-களில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது முதியோர் ஓய்வூதியத்துக்கு வயதுச் சான்று தேவைப்பட்டது. பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கில் தங்கள் பெயரைத் தேடினால் எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தது. வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த வேலைத்திட்டத்தில் ஆட்களை அமர்த்தி, பழைய கணக்கெடுப்புகளுக்கு இந்த ஒலிமுறையில் அட்டை அட்டையாகக் குறிப்பு எழுதவைத்தார்கள். பிழை இருக்கிறது, ஆகவே ஓய்வூதியம் இல்லை என்று அந்த அரசு சொல்லவில்லை, குறைந்தபட்சம் இந்த விஷயத்தில்.

இந்த நூறாண்டுப் பழைய முறையை நம் பெயர்களில் போட்டுப் பார்த்தேன். மாப்பிளா என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும், வெள்ளைக்காரன் எழுதிய 'மோப்ளா' உட்பட, பெரும்பாலும் ஒரே குறியீடு வருகிறது: எம்140. பறையன் என்பதற்கு நம் பட்டியலிலேயே இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல் உண்டு, இரண்டுக்கும் பி650. காகிதமும் பென்சிலும் போதும், ஒரு பள்ளி மாணவி செய்துவிடலாம்.

ஆனால் அதே முறையில் பள்ளன் என்று போட்டால் பி450 வருகிறது. புலையன் என்று போட்டாலும் பி450. இரண்டும் வேறு வேறு சாதிகள், பட்டியலில் தனித்தனி வரிசை எண்கள். எந்திரம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மறுபக்கம், பறையனும் சாம்பவரும் சட்டப்படி ஒரே வரிசையில் வருபவர்கள். ஒலியில் ஒரு ஒற்றுமையும் இல்லாததால் எந்திரம் இரண்டையும் பிரித்துவிடும். சேர்க்கக் கூடாததைச் சேர்ப்பது, சேர்க்க வேண்டியதைப் பிரிப்பது என்ற இந்த இரண்டு வகைத் தவறும் கடைசிவரை நம்மோடு வரும்.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது. எழுதப்பட்ட பெயரில் பிழை இருந்தால் திருத்தலாம், எழுதப்படாமலே போனவர்களை என்ன செய்வது?

1947-இல் டேனியல் பிரைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இரண்டு பட்டியல்களை எடுத்து ஒப்பிட்டார். ஒன்று 1940 மக்கள்தொகைக் கணக்கு. இன்னொன்று போர்க்காலக் கட்டாய ராணுவப் பதிவு. ராணுவத்துக்குப் பதிவு செய்த இளைஞர்கள் கணக்கெடுப்பு சொன்னதைவிடச் சுமார் 3% அதிகம் இருந்தார்கள். கறுப்பின இளைஞர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 13% அதிகம். போருக்கு அனுப்பும் பட்டியலில் இருந்தவர்கள் குடிமக்களை எண்ணும் பட்டியலில் இல்லை. விடுபடுதல் எல்லோருக்கும் சமமாக நடப்பதில்லை என்பதை எண்ணால் காட்டிய ஆய்வு அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1949-இல், இந்த யோசனைக்குக் கணித வடிவம் கிடைத்தது. அது கிடைத்த இடம் வங்காளம். சி. சந்திரசேகரன், எட்வர்ட்ஸ் டெமிங் இருவரும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள சிங்கூர் பகுதியின் பிறப்பு-இறப்புத் தரவை எடுத்துக்கொண்டார்கள். பதிவாளரின் பட்டியல் ஒன்று, வீடுவீடாகப் போய் விசாரித்து எழுதிய பட்டியல் இன்னொன்று. இரண்டிலும் ஓட்டை இருந்தது. ஓட்டையான இரண்டு பட்டியலையும் ஒன்றோடு ஒன்று பொருத்தினால், இரண்டிலுமே வராதவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடலாம் என்று காட்டினார்கள்.

விளங்க ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். ஓர் ஊரில் வீடுவீடாகப் போனவர்கள் 90 பிறப்புகளைக் கண்டார்கள். அதில் 72 பதிவேட்டிலும் இருந்தது. அப்படியென்றால் பதிவேடு நூற்றுக்கு 80-ஐப் பிடிக்கிறது. பதிவேட்டில் மொத்தம் 80 பிறப்புகள் இருக்கின்றன. 80 என்பது நூற்றுக்கு 80 என்றால் உண்மையான மொத்தம் 100. இரண்டு பட்டியலையும் சேர்த்துக் கண்ணில் பட்டது 98, இரண்டிலும் படாதது 2.

இப்போது அதே ஊரின் காலனிக்குப் போவோம். வீடுவீடாகப் போனவர்கள் 20 பிறப்புகளை எழுதினார்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பியிருப்பார்கள். பதிவேட்டில் 10. இரண்டிலும் இருப்பது 4. கணக்குப்படி காலனியின் உண்மை எண் 50. கண்ணில் பட்டது 26, மறைந்தது 24.

ஊரையும் காலனியையும் பிரிக்காமல் ஒரே கணக்காகப் போட்டால்? பதிவேடு 90, விசாரணை 110, பொதுவானது 76. வரும் விடை 130. தனித்தனியாகப் போட்டால் 150. காணாமல் போன அந்த 20 பேரும் காலனிக்காரர்கள்.

இதைச் சந்திரசேகரனும் டெமிங்கும் தெரிந்தே எழுதினார்கள். இந்தச் சூத்திரம் வேலை செய்ய, ஒரு பட்டியலில் விடுபடுவதும் இன்னொன்றில் விடுபடுவதும் தொடர்பில்லாத நிகழ்வுகளாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை, ஒன்றில் விடுபட்டவர்தான் மற்றதிலும் விடுபடுவார். அதனால் மக்களை ஒரே தன்மையுள்ள குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு கணக்குப் போடுங்கள் என்றார்கள். சாதி என்ற சொல்லை அவர்கள் இந்த இடத்தில் பயன்படுத்தவில்லை. நாம் பயன்படுத்தலாம். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். சூத்திரங்களைத் தாண்டிப் போனாலும் வாதம் புரியும்.

அமெரிக்கா இந்த முறையைத் தன் கணக்கெடுப்பைச் சோதிக்க எடுத்துக்கொண்டது. 1970 கணக்கெடுப்பின்போது தேசிய நகர்ப்புறக் கழகம் கறுப்பின மக்களை முழுமையாக எண்ணச் சொல்லி ஒரு பெரிய இயக்கமே நடத்தியது. புள்ளியியல் பிழை என்று அலுவலகத்துக்குள் கிடந்ததை அவர்கள் அரசியல் கோரிக்கையாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பிழை இன்றும் தீரவில்லை. 2020 கணக்கெடுப்பில் கறுப்பின மக்கள் 3.3% குறைவாகவும், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகள் 5.64% குறைவாகவும் எண்ணப்பட்டதாக அந்த நாட்டு அரசே வெளியிட்டது. ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர்கள் 1.64% அதிகமாக எண்ணப்பட்டிருந்தார்கள். பிழை எவ்வளவு, யார்மீது விழுந்தது என்று அரசின் வாயிலிருந்தே வரவைத்தது பல ஆண்டுப் போராட்டம்.

இந்தியாவிலும் இந்தச் சோதனை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டார்கள் என்று கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆய்வு சொன்னது. 120 கோடியில் அது இரண்டரைக் கோடிக்கும் மேல். அதற்காக யாரும் 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பயனற்றது என்று பூட்டி வைக்கவில்லை. நிதிக்கும் திட்டத்துக்கும் இன்றுவரை அதே எண்தான். பிழை வந்தால் பூட்டி வைப்பது என்ற விதி சாதித் தரவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இனி பட்டியல்களைப் பொருத்தும் கலைக்கு வருகிறேன். 1946-இல் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு வாழ்க்கைப் புத்தகம் உண்டு, பிறப்புப் பதிவில் தொடங்கி இறப்புப் பதிவில் முடிகிறது, நடுவில் உள்ள பக்கங்கள் வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன, அவற்றை ஒன்றாகக் கட்ட வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஒடுக்கப்பட்டவருடைய புத்தகத்தை யார் கட்டுகிறார், யார் படிக்கிறார் என்று கேட்டால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

1959-இல் கனடாவின் ஹோவர்ட் நியூகோம் அதைக் கணினியில் செய்தார். அவர் மரபியலாளர். கதிர்வீச்சு தலைமுறை தலைமுறையாக என்ன செய்கிறது என்று அறிய திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் குடும்பமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் கண்டுகொண்ட விஷயம் எளிமையானது: அரிதான பெயர் பொருந்தினால் அதற்கு அதிக எடை, பொதுவான பெயர் பொருந்தினால் குறைந்த எடை. இரண்டு ஏட்டில் 'முருகன்' இருந்தால் ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. 'வீரசாம்புலிங்கம்' இருந்தால் கிட்டத்தட்ட சொல்லலாம்.

1969-இல் கனடா புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஐவன் ஃபெல்லெகி, ஆலன் சன்ட்டர் இருவரும் இதற்கு முழுக் கோட்பாடு எழுதினார்கள். ஃபெல்லெகி 1956-க்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து தப்பி வந்தவர், பின்னாளில் அந்தத் துறையின் தலைவரானார். இன்று பெயர் பொருத்தும் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருப்பது அந்தக் கட்டுரைதான். அவர்கள் பதில்களை இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரித்தார்கள். நிச்சயம் ஒன்றுதான் என்பது ஒரு கூடை, நிச்சயம் வேறுதான் என்பது ஒரு கூடை. நடுவில் மூன்றாவது கூடை: எந்திரத்தால் சொல்ல முடியாதது, மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. எவ்வளவு தவறைச் சகித்துக்கொள்வீர்கள் என்று முன்கூட்டியே நீங்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும், அதற்கேற்ப நடுக்கூடை பெரிதாகும் அல்லது சிறிதாகும். தவறே வேண்டாம் என்றால் நிறைய மனிதர்கள் வேண்டும். மனிதர்களுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டேன் என்றால் தவறைச் சகிக்க வேண்டும். சகிக்கப் போவது யார் என்பதைச் சூத்திரம் சொல்வதில்லை.

இந்த நடுக்கூடையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானா இருக்கிறது. 2014 முதல் 2019 வரை அங்கே சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகள் ரத்தாயின. மாநில அரசு வாங்கிய 'சமக்ர வேதிகா' என்ற மென்பொருள் வாகனப் பதிவு, சொத்துப் பதிவு, மின் இணைப்பு என்று பல துறைப் பட்டியல்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, யார் தகுதியற்றவர் என்று சொன்னது. வேலை அதே நியூகோம், ஃபெல்லெகி வேலைதான். ஹைதராபாத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பெயர், அதைப் போன்ற பெயருள்ள வேறொருவரின் காரோடு பொருந்திவிட்டது. அட்டை போனது. நேரில் வந்து வீட்டைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். சமூகச் செயற்பாட்டாளர் எஸ். க்யூ. மசூத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் ரத்தான அட்டைகளைக் களத்தில் போய் மறுபடி சரிபார்க்க உத்தரவிட்டது. அப்போதுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகுதியுள்ளவை என்று தெரியவந்தது. அதற்குள் ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஒரே அறிவியல்தான். ஏழையின் பெயரை நீக்க வேண்டுமென்றால், எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தாலும் எந்திரம் பொருத்திவிடும். அவன் சாதியை எண்ண வேண்டுமென்றால், எழுத்துக்கூட்டல் வேறாக இருப்பதால் எந்திரத்தாலும் முடியாது. இந்த இரண்டு வாதத்தையும் அரசுகள் ஒரே பத்தாண்டில் நம்மிடம் சொல்லியிருக்கின்றன.

சரி, நடுக்கூடையில் மனிதரை உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? மனிதரும் தவறுவாரே. 1979-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிலிப் டாவிட், ஆலன் ஸ்கீன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 45 நோயாளிகள், 5 மயக்க மருத்துவர்கள். ஒவ்வொரு நோயாளியும் மயக்க மருந்து தாங்கும் நிலையில் இருக்கிறாரா என்று 1 முதல் 4 வரை மதிப்பெண். மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. சரியான விடை யாரிடமும் இல்லை. சரியான விடையே தெரியாமல், எந்த மருத்துவர் எப்படித் தவறுகிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்று காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டெம்ப்ஸ்டர், லெய்ர்ட், ரூபின் மூவரும் பொதுவடிவம் கொடுத்திருந்த ஈ.எம். என்ற முறையை எடுத்துக்கொண்டார்கள். முதலில் பெரும்பான்மை சொன்னதை விடை என்று தற்காலிகமாக வைத்துக்கொள். அதை வைத்து ஒவ்வொரு மருத்துவரின் தவறுப் பழக்கத்தைக் கணக்கிடு. பிறகு நம்பகமானவருக்கு அதிக எடை கொடுத்து விடையைத் திருத்து. திருத்திய விடையை வைத்து மறுபடி தவறுப் பழக்கத்தைக் கணக்கிடு. எண்கள் அசையாமல் நிற்கும்வரை இப்படியே சுற்று. எப்போதும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடும் மருத்துவர்கூட இதில் வீணாகமாட்டார். அவர் பழக்கம் தெரிந்துவிட்டால் அவர் சொல்வதிலிருந்தும் தகவல் எடுக்கலாம்.

இந்தக் கட்டுரை அதிகம் பேசப்படாமல் பல ஆண்டுகள் கிடந்தது. 2005-இல் அமேசான் 'மெக்கானிக்கல் டர்க்' என்ற தளத்தைத் திறந்தது. உள்ளே ஒரு மனிதனை ஒளித்துவைத்து, எந்திரம் சதுரங்கம் ஆடுவதாகக் காட்டிய 18-ஆம் நூற்றாண்டுப் பொம்மையின் பெயர் அது. தங்கள் தொழிலுக்கு இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்தவர்கள் குறைவு. படத்தில் இருப்பது நாயா பூனையா என்று சொன்னால் சில காசுகள். 2009-இல் வெளிவந்த 'இமேஜ்நெட்' படத்தொகுப்பை இந்தத் தளத்தின் வழியாக 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர் குறியிட்டுக் கொடுத்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை அதிலிருந்து எழுந்தது. அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் இந்தியர்கள் பெரும் எண்ணிக்கை. அவ்வளவு பேரின் பதில்களில் எதை நம்புவது என்ற கேள்வி வந்ததும் டாவிட்டும் ஸ்கீனும் திரும்பி வந்தார்கள். 2008 முதல் வந்த ஆய்வுகள் பல அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. தொழிலாளியை மட்டும் ஏன் மதிப்பிட வேண்டும் என்று கேட்ட லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் இருவரும் 2008-இல் 'டர்காப்டிகான்' என்று ஒரு கருவி செய்தார்கள். அதில் தொழிலாளிகள் வேலை கொடுப்பவர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் அது.

டாவிட்-ஸ்கீன் முறையின் அடியிலும் சந்திரசேகரன் சூத்திரத்தின் அதே நிபந்தனை இருக்கிறது. ஒருவர் தவறும் இன்னொருவர் தவறும் தொடர்பற்றவையாக இருக்க வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே முன்முடிவு இருந்தால், ஐந்து பேரும் ஒத்துப்போவார்கள். எந்திரம் அந்த ஒற்றுமையை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். மாற்றிச் சொன்ன ஆறாவது ஆள் நம்பத் தகாதவர் என்று எடை குறைக்கப்படுவார். அந்த ஆறாவது ஆள் யாராக இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது கற்பனை இல்லை. 2019-இல் மார்ட்டன் சாப் என்பவரும் அவர் குழுவினரும் வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கும் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஆப்பிரிக்க-அமெரிக்கர்களின் பேச்சு வழக்கில் எழுதப்பட்ட பதிவுகளை, அந்தத் தரவில் கற்ற எந்திரங்கள் இரண்டு மடங்கு வரை அதிகமாக இழிவான பேச்சு என்று அடையாளம் கண்டன. குறியிட்ட மனிதர்களுக்கு அந்த வழக்கு பழக்கமில்லை. இது எந்த வழக்கு என்பதைக் குறியிடுபவர்களுக்கு முன்பே நினைவூட்டியபோது அப்படிக் குறிப்பது குறைந்தது. நம் சேரிப் பேச்சைத் திரையிலும் வகுப்பிலும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், சாதிப்பெயரையே வசையாகச் சொல்லி வளர்ந்தவருக்கு அது வசை என்றே தோன்றாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படி வளர்ந்தவர்கள் என்றால் பெரும்பான்மை வாக்கில் அந்த வசை சுத்தமாகிவிடும். 2022-இல் ஐடா டாவானியும் அவரோடு பணியாற்றியவர்களும், பெரும்பான்மை வாக்கை மட்டும் எடுக்காமல் ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியாகக் கற்கும் முறையை முன்வைத்தார்கள். கருத்து வேறுபாட்டைச் சத்தம் என்று அழிக்காமல் தகவலாக வைத்துக்கொள்வது. தாமதமாக வந்தாலும் சரியான திசை.

இப்போது 46 லட்சத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெயர்களை வகைப்படுத்த 2015-இல் அப்போதைய நிதி ஆயோக் துணைத்தலைவர் அரவிந்த் பனகாரியா தலைமையில் ஒரு வல்லுநர் குழு அறிவிக்கப்பட்டது. மற்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படவில்லை. குழு கூடவே இல்லை. இதையும் அரசேதான் 2021-இல் சொன்னது. ஃபெல்லெகியின் நடுக்கூடைக்கு நாற்காலி போட்டு, ஆளை உட்காரவைக்காமல் ஆறு ஆண்டுகள் கழித்து, பார்த்தீர்களா கூடை நிறைந்து கிடக்கிறது என்றார்கள்.

எந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்ப்போம். மாப்பிளாவின் 40 எழுத்துக்கூட்டலை அது சேர்த்துவிடும். 46 லட்சத்தில் பெரும்பகுதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் தேவேந்திரகுலத்தான், கடையன், கல்லாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் என்ற ஏழும் ஒன்றுதானா? எந்த ஒலிச் சூத்திரமும் இதைச் சொல்லாது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்றாக்கியது. ஆதி திராவிடர் என்ற பெயரும் அப்படித்தான். 1922-இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வாங்கிய பெயர் அது. ஒரே குடும்பத்தில் அப்பா சான்றிதழில் ஒரு பெயரும் பிள்ளை சான்றிதழில் இன்னொரு பெயரும் இருப்பதை நான் வேலை பார்க்கும் பகுதிகளில் அடிக்கடி பார்க்கிறேன். கணினியின் கண்ணுக்கு அது பிழை. அந்தக் குடும்பத்துக்கு அது நூறாண்டு அரசியல்.

எண்ணிக்கையைச் சுருக்கும் முயற்சியும் புதிதல்ல. 1932-இல் லோதியன் வாக்குரிமைக் குழுவின் முன் சில மாகாணங்களில் தீண்டப்படாதோர் மிகக் குறைவு என்று சாதி இந்துக்கள் வாதாடினார்கள். எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் என்று ஆனவுடன் எண்ணிக்கை கரையத் தொடங்கியதை அண்ணல் அம்பேத்கர் பின்னர் விரிவாக எழுதினார்.

எனக்குப் பெரிய கவலை சிறிய சாதிகளைப் பற்றியது. புதிரை வண்ணார் பட்டியல் சாதி. வண்ணார் தமிழகத்தின் பெரும்பகுதியில் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் மட்டும் பட்டியல் சாதி. முன்னால் உள்ள ஒரு சொல் விடுபட்டாலோ, 'கிட்டத்தட்ட ஒன்றுதான்' என்று மென்பொருள் பொருத்தினாலோ, பட்டியல் சாதியினருக்கும் துணி வெளுக்கும் மக்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள். சான்றிதழ் வாங்கவே அவர்கள் படும் பாடு களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, அதற்குத் தரவு வேண்டும் என்றும் சொன்னது. எண்ணிக்கையில் தொலைந்தவர்களுக்கு உள் ஒதுக்கீட்டிலும் இடம் இருக்காது.

2023 அக்டோபர் 2 அன்று பீகார் தன் சாதிக் கணக்கை வெளியிட்டது. அங்கே 200-க்கும் மேற்பட்ட சாதிகளுக்கு முன்கூட்டியே குறியீட்டு எண் கொடுத்துத்தான் வீட்டுக்கு வீடு போனார்கள். பட்டியல் சாதியினர் 19.65% என்று தெளிவாக வந்தது. ஆனால் அதே பட்டியலில் திருநர்களுக்கும் ஒரு சாதி எண் கொடுத்தார்கள், அவர்கள் எதிர்த்தார்கள். பட்டியல் போடும் மேசையில் அவர்களில் ஒருவர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

2025 ஏப்ரல் 30 அன்று, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்ப்பது என்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. இந்த முறை தரவு நேரடியாகக் கருவியில் ஏறும், பெயர் பொருத்தும் வேலையை மென்பொருள்தான் பெரிதும் செய்யும் என்று எதிர்பார்க்கலாம். சாதிப் பெயர்களின் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், அது ஊர் நூலகத்திலும் காலனிச் சமுதாயக் கூடத்திலும் ஒட்டப்படுமா? பொருந்தாத பெயர்களை உட்கார்ந்து பார்க்கப் போகும் குழுவில் புதிரை வண்ணார், அருந்ததியர், இருளர் இருப்பார்களா? விடுபட்டோர் ஆய்வை ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாகப் போட்டு வெளியிடுவார்களா? இந்த மூன்றையும் தகவல் உரிமை மனுவாகவும் மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கையாகவும் எழுதலாம். சட்டக் கல்லூரி நண்பர்கள் வரைவு எழுதினால் மொழியைச் சரிபார்த்துத் தர நான் தயார். பட்டியல் அச்சேறுவதற்கு முன் போக வேண்டிய மனு இது.